முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: சென்னை வாழ் முன்னாள் படைவீரர்களுக்கு மேல்முறையீட்டு வழிகாட்டி

முப்படைகளில் பணியாற்றி ஓய்வுபெற்று ஆவடியிலும் தாம்பரத்திலும் பரங்கிமலையைச் சுற்றியும் குடியேறியிருக்கும் முன்னாள் படைவீரர்கள் பலரிடம், டிசபிலிட்டி பென்ஷன் (பணியால் வந்த உடற்குறைபாட்டுக்கான ஓய்வூதியம்) நிராகரிக்கப்பட்ட கடிதம் ஒன்று பைலில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதுகுத்தண்டு, முழங்கால், இடுப்பு மூட்டு தொடர்பான கோரிக்கைகள் இப்படி நிராகரிக்கப்படுவதற்கு எளிதில் ஆளாகின்றன. குண்டுக் காயத்துக்குத் தேதியும் இடமும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு அப்படி ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதால், 'வயதானால் யாருக்கும் வருவதுதான்' என்று ஒரு வரியில் எழுதி மருத்துவக் குழு கையொப்பமிட்டுவிட முடிகிறது.

மேல்முறையீட்டை முதன்முதலாகத் தொடங்குகிறவர் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டுக் குழுவும் சரி, தீர்ப்பாயமும் சரி, இன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. அந்த வலிக்கும் உங்கள் பணிக்கும் என்ன தொடர்பு, அந்தத் தொடர்பை மறுத்த மருத்துவக் குழு என்ன காரணம் எழுதியது என்பதையே பார்க்கின்றன. ஆகவே உங்கள் உழைப்பெல்லாம் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்வதில் செல்ல வேண்டும். குடும்பச் சூழல், பிள்ளைகளின் படிப்பு, நாட்டுக்காகச் செய்த சேவை ஆகியவற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு, மருத்துவக் குழு எழுதிய காரணத்தைத் தொடாமலேயே விட்ட மனுக்கள் தோற்பது எனக்கு வியப்பளிப்பதில்லை.

முதற்படி: நிராகரிப்புக் கடிதத்தைப் படித்தல்

கடிதத்தில் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது, குறைபாடு பணியால் ஏற்பட்டதும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்பது. படைவீரர்கள் இதை, அதன் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக 'நானா' என்று சொல்வார்கள். இரண்டாவது, பணித் தொடர்பு இருக்கலாம் என்றாலும் குறைபாட்டின் அளவு 20 சதவீதத்துக்குக் குறைவு என்பது. சில கடிதங்களில் இரண்டும் சேர்ந்தே வரும். எந்தக் காரணம் என்பதைப் பொறுத்து மேல்முறையீட்டின் வடிவமே மாறிவிடுகிறது. முதல் வகைக்குப் பணி வரலாறுதான் ஆயுதம். இரண்டாம் வகைக்கு மறு மருத்துவக் குழுவைக் கேட்பதுதான் வழி. ஏனெனில் சதவீதத்தைத் தீர்ப்பாயம் தானாகவே கூட்டித் தருவது அரிது.

இரண்டாம் வகையில் ஒரு விலக்கு உண்டு. பணிக்காலம் முடிவதற்கு முன்பே மருத்துவக் காரணத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு 20 சதவீதத்துக்குக் குறைவாக மதிப்பிட்டிருந்தால், பணியிலிருந்து விலக்கும் அளவுக்கு இருந்த குறைபாடு 20 சதவீதத்துக்கு மேற்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வுபெற்றவர்கள் இத்தீர்ப்பை நம்பி மனு எழுதக் கூடாது. அது அவர்களுக்குப் பொருந்தாது.

கடிதத்தின் தேதியையும் அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் உடனே குறித்துவையுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதக் கெடு. அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். கெடு கடந்துவிட்டது என்பதற்காகக் கைவிட்டுவிட வேண்டியதில்லை. தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, அதை மன்னிக்கும்படி கோரியும் அனுப்பலாம்.

இரண்டாம் படி: ஆவணங்களைத் திரட்டுதல்

இதுதான் அதிக நாள் பிடிக்கும் வேலை. பொறுமை இழந்து, ஆவணங்கள் இல்லாமலேயே மனுவை அனுப்பிவிடுகிறவர்களே அதிகம். உங்களுக்கு வேண்டியவற்றுள் முதன்மையானது ஓய்வுபெறும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைக் குறிப்பு, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம். அடுத்தது, பணியில் சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனையின் பதிவு. அப்போது முதுகிலோ மூட்டிலோ எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை என்பதை அதுதான் காட்டும். பிறகு, லோ மெடிக்கல் கேட்டகரியில் (குறைந்த உடற்தகுதி நிலையில்) வைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் நடந்த மருத்துவக் குழுக்களின் பதிவுகள், ராணுவ மருத்துவமனைகளில் தங்கிய காலத்துக் கேஸ் ஷீட்டுகள், காயம் ஏற்பட்டிருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற காய அறிக்கை, விசாரணைக் குழு நடந்திருந்தால் அதன் முடிவு ஆகியவை தேவை.

இவை உங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் எம்.இ.ஜி.க்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்குப் புதுடெல்லியின் சுப்ரதோ பார்க் என்று அலுவலகங்கள் பிரிந்திருக்கின்றன. சாதாரணக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிப்பது மேல். ஏனெனில் அதற்கு 30 நாளில் பதில் தர வேண்டிய கடமை சட்டத்தாலேயே சுமத்தப்பட்டிருக்கிறது. 'என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒவ்வோர் ஆவணத்தையும் படிவ எண்ணோடும் ஆண்டோடும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். இல்லாத ஆவணத்தை இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டிய நிலைக்கு அலுவலகம் வரும். அந்த 'இல்லை' என்ற பதிலும் பிற்பாடு உதவும். ஓய்வூதியம் எதுவும் பெறாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படலாம் என்பதால், அத்தகையவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போடக் கூடாது.

கடிதம் எழுதுவதற்கே துணை வேண்டும் என்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். மாநில இயக்குநரகம் சென்னையில் ராஜா முத்தையா சாலையில் இருக்கிறது. தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போய் இந்த நிராகரிப்பைப் பற்றி முறையிடுகிறவர்களும் உண்டு. பணம் வழங்கல், ஸ்பர்ஷ் எனப்படும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளம் தொடர்பான குறைகளுக்கு அவ்விடம் சரி. பணித் தொடர்பு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அங்கே இல்லை.

மூன்றாம் படி: மருத்துவக் குழுவின் தாளை வரிவரியாகப் பார்த்தல்

படிவம் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கங்களைத் திறக்கத் தோன்றும். அப்படியே செய்யுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. குறைபாட்டின் பெயர் ஒரு பத்தியில் இருக்கும்: 'லம்பார் ஸ்பாண்டிலோசிஸ்', 'எல்4–எல்5 டிஸ்க் ப்ரோலாப்ஸ்', 'இரு முழங்கால்களிலும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்பது போல. அதன் பக்கத்தில், பணியால் ஏற்பட்டதா என்பதற்கு 'இல்லை', பணியால் மோசமானதா என்பதற்கும் 'இல்லை' என்று இருக்கும். அதற்கடுத்துக் காரணம் எழுத ஓர் இடம். அதற்கும் கீழே சதவீதம்: '20 சதவீதம், வாழ்நாள் முழுவதும்' என்று தாராளமாகக் குறித்துவிட்டு, பென்ஷனுக்குத் தகுதியான நிகர மதிப்பீடு என்ற கட்டத்தில் மட்டும் 'நில்' (Nil, அதாவது ஒன்றுமில்லை) என்று போட்டிருப்பார்கள். மேலே 20 இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இந்தச் சிறிய கட்டத்தைக் கவனிக்காமல் கையொப்பமிட்டு வெளியே வந்தவர்கள் அநேகம் பேர்.

காரணம் எழுதும் இடத்தில் வழக்கமாகக் காணப்படும் சொற்றொடர்கள் மூன்று நான்குதான்: இது தேய்மானக் கோளாறு, அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தொடங்கியது, களப்பணி, உயர்மலைப் பணி ஆகியவற்றின் அழுத்தத்தோடு காலத் தொடர்பு இல்லை, உடலின் இயல்பால் வந்தது. ஒரே ஒரு சொற்றொடரோடு நிறுத்தியிருந்தால், அதுவே உங்கள் பக்கத்துக்குப் பலம். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் வந்தால், அது ஏன் பணியால் வந்ததில்லை என்பதற்கு மருத்துவக் குழு காரணம் சொல்ல வேண்டும் என்று விதிகளின் அடிப்படையில் விளக்கியது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் கூறாத மருத்துவக் குழுவின் கருத்து நிற்காது என்ற நிலையையே அது எடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், கவாஸ் அனில் மட்சோ என்பவரின் வழக்கில், நோய் அமைதிப் பகுதியில் தொடங்கியது என்பது மட்டுமே பணித் தொடர்பை மறுக்கப் போதுமானதாகாது என்று கூறியது. அது நீரிழிவு வழக்கு என்றாலும், முதுகு, மூட்டு வழக்குகளிலும் எதிர்த்தரப்பு இதே 'அமைதிப் பகுதி' வாதத்தைத்தான் வைக்கிறது.

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் சாய்ந்தவை என்று நம்பி ஏமாறக் கூடாது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை என்ற ஒன்றே போதாது, மருத்துவக் குழுவின் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. ஆகவே 'காரணம் எழுதவில்லை' என்ற வாதத்தோடு நில்லாமல், பணி எப்படிக் காரணமானது என்பதையும் நீங்களே காட்டிவிடுவதுதான் பாதுகாப்பு.

நான்காம் படி: உங்களுக்கு எந்த விதிகள்

பணியிலிருந்து வெளியேறிய தேதியே இதைத் தீர்மானிக்கிறது. 2008-க்கு முன் வெளியேறியவர்களுக்கு 1982-ஆம் ஆண்டுத் தகுதி விதிகள். 2008 ஜனவரி முதல் 2023 செப்டம்பர் 20 வரை வெளியேறியவர்களுக்கு 2008-ஆம் ஆண்டு விதிகள். 2023 செப்டம்பர் 21-லிருந்து வெளியேறியவர்களுக்குப் புதிய விதிகள். 1982 விதிகள் படைவீரருக்குச் சாதகமான அனுமானத்தை வெளிப்படையாகவே தந்தன. தரம்வீர் தீர்ப்பு அவற்றின் மேல் எழுந்தது. 2008 விதிகளில் அந்த அனுமானம் குறுக்கப்பட்டது. ஆயினும் மெய்ப்பிக்கும் சுமை பொதுவாகக் கோருபவர் மேல் விழாது என்ற விதி இருந்தது, அதுவும் ஓய்வுபெற்று 15 ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைத்தால் மட்டுமே. 15 ஆண்டுகள் கடந்து முதன்முறையாகக் கோருபவர் தாமே மெய்ப்பிக்க வேண்டும். 2023 விதிகள் பணிக்கும் குறைபாட்டுக்குமான காரணத் தொடர்பை இன்னும் இறுக்கமாகக் கேட்கின்றன. பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர் பெறும் தொகைக்கு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்ற பெயரையும் அவை வைத்துவிட்டன. 2023-க்குப் பின் ஓய்வுபெற்ற ஒருவர் நண்பரின் பழைய மனுவைப் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், அவருக்குப் பொருந்தாத விதியின் பேரில் வாதாடியவராக ஆகிவிடுவார்.

ஐந்தாம் படி: பணி வரலாற்றையும் நோய் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தல்

ஒரு பெரிய தாளை நடுவில் கோடிட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து ஒவ்வொரு பணியிடத்தையும், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், அங்கே செய்த வேலை ஆகியவற்றோடு எழுதுங்கள். வலப்பக்கம் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து, முதல்முறை எம்.ஐ. ரூமுக்கு (படைப்பிரிவின் மருத்துவப் பரிசோதனை அறைக்கு) போனது, மருத்துவமனையில் சேர்ந்தது, கேட்டகரி இறக்கப்பட்டது, மறு ஆய்வில் நீட்டிக்கப்பட்டது என்று தேதியோடு எழுதுங்கள். எழுதி முடித்ததும் தொடர்பு கண்ணில் படத் தொடங்கும்.

2008 விதிகளின்படி, பணியின் குறிப்பிட்ட சூழ்நிலைகளால் நோய் விரைந்து தொடங்கியிருந்தாலோ அதன் போக்கு மோசமாகியிருந்தாலோ அது பணியால் மோசமானதாகக் கொள்ளப்படும். கடுமையான தட்பவெப்பம், களப்பகுதி, நடவடிக்கைப் பகுதி, உயர்மலை ஆகியவை அத்தகைய சூழ்நிலைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. முதுகுக்கும் மூட்டுக்கும் இதைப் பொருத்திக் காட்டுவது மற்ற நோய்களைவிட எளிது என்பேன். முழு முதுகுச் சுமையோடு மலையேறி ரோந்து போவதும், குண்டும் குழியுமான சாலையில் கனரக வண்டியின் அதிர்வைப் பல மணிநேரம் இடுப்பில் வாங்கிக்கொண்டே ஓட்டுவதும், பீரங்கிக் குண்டுகளைக் குனிந்து தூக்கி நிமிர்ந்து கைமாற்றுவதும், பாராசூட்டில் குதித்துக் கால்களில் இறங்குவதும் தண்டுவட வட்டுகளையும் முழங்கால் குருத்தெலும்பையும் என்ன செய்யும் என்பதை எலும்பு மருத்துவர் யாரும் மறுக்கமாட்டார். அந்த வேலையை நீங்கள் எங்கே, எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள் என்பது ஆவணத்தோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடிபட்டதிலிருந்து வந்த மூட்டுக் கோளாறு தனி வகை. பட்டாலியன் அணிக்காகக் கால்பந்து ஆடும்போது முழங்காலில் லிகமென்ட் கிழிந்து, பத்தாண்டுகளுக்குப் பின் அதே முழங்காலில் தேய்மானம் வந்தால், அது வயதின் தேய்மானமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பழைய காயத்தின் விளைவாக இருக்கலாம். படைப்பிரிவு ஏற்பாடு செய்யும் விளையாட்டும் உடற்பயிற்சியும் பணியாகவே கருதப்படுகின்றன. எனவே பழைய காய அறிக்கைக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. ஒரு முழங்காலில் மட்டும் தேய்மானம், மற்றது நன்றாக இருக்கிறது என்றால், அந்த வேறுபாட்டை மனுவில் அழுத்திச் சொல்லுங்கள். வயதுக்கு இடக்கால் வலக்கால் என்ற பாகுபாடு கிடையாது. விடுப்பில் ஊருக்கு வந்தபோது இருசக்கர வண்டியிலிருந்து விழுந்த காயங்களோ கடினமானவை. பணியோடு தொடர்பு காட்ட முடியாவிட்டால் அவை பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன.

இன்னொன்றும் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கேட்டகரி இறக்கும்போது, ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது, நீண்டநேரம் நிற்கக் கூடாது என்று கட்டுப்பாடுகள் விதித்திருப்பார்கள். அதன் பிறகும் உங்களைக் களப்பகுதிக்கு மாற்றியிருந்தால், இரு தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுவதைவிட வலுவான வாதம் 'பணியால் மோசமானது' என்பதற்கு வேறில்லை.

ஆறாம் படி: மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்பது

புதிதாக ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்து மனுவோடு இணைத்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. இன்றைய எம்.ஆர்.ஐ. இன்றைய நிலையைக் காட்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் என்ன காரணத்தால் தொடங்கியது என்பதை அது சொல்லாது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் வழியாக அனுப்பப்படும் எலும்பு மருத்துவரிடம், பழைய பதிவுகளையும் பணி வரலாற்றுத் தாளையும் காட்டி, இந்தக் குறைபாடு இத்தகைய வேலையால் விரைந்திருக்கவோ மோசமாகியிருக்கவோ வாய்ப்புண்டா, எதன் அடிப்படையில் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். சிலர் எழுதுவார்கள், சிலர் தயங்குவார்கள். வெளி மருத்துவரின் கருத்து படை மருத்துவக் குழுவின் கருத்தை அப்படியே வீழ்த்திவிடாது. ஆனால் மறு மருத்துவக் குழு தேவை என்று கேட்பதற்கு அது நல்ல அடித்தளம்.

மறு மருத்துவக் குழுவுக்கு அழைப்பு வந்தால், பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களையே எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை மட்டும் போதாது. படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தி, எந்தக் கோணத்தில் வலி காலுக்குள் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானியால் அளப்பார்கள். கால் விரலில் தொடு உணர்வு குறைந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு போய் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துச் செய்து காட்டுகிறவர்கள் உண்டு. பணியில் இருந்த காலத்துப் பழக்கம் அது. இந்த அறையில் அது கெடுதல். மிகைப்படுத்துவதும் அதே அளவு கெடுதல். மரத்துப்போகாத இடத்தை மரத்துப்போனதாகச் சொன்னால், நரம்பின் பாதையை அறிந்த மருத்துவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஏழாம் படி: முதல், இரண்டாம் மேல்முறையீடுகள்

முதல் மேல்முறையீடு படைத் தலைமையகத்தின் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கும், அது தோற்றால் இரண்டாவது பென்ஷன் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் செல்லும்; இரண்டாவதற்கும் ஆறு மாதக் கெடுவாகவே கொண்டு செயல்படுங்கள். மனு ஆங்கிலத்தில் இருப்பதே நடைமுறை. ஆனால் முதலில் தமிழில் யோசித்துத் தமிழில் எழுதிக்கொள்வது நல்லது. உங்கள் வாழ்க்கையின் தேதிகள் உங்களுக்கு நினைவுக்கு வருவது தமிழில்தான்.

நீளம் இரண்டு பக்கம் போதும். அதன் நடுப்பகுதி எப்படி இருக்கலாம் என்பதற்கு, கற்பனையான ஓர் ஓட்டுநரின் மனுவிலிருந்து ஒரு பத்தி: 'மேல்முறையீட்டாளர் 2001-ல் பணியில் சேர்ந்தபோது முதுகில் எந்தக் குறையும் பதிவாகவில்லை. 2007 முதல் 2010 வரை லடாக் பகுதியில் கனரக வண்டி ஓட்டுநராகப் பணியாற்றினார். 2009-ல் கீழ்முதுகு வலிக்காக அங்குள்ள ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கேஸ் ஷீட் இணைப்பு 3. 2011-ல் எல்4–எல்5 வட்டு பிதுங்கியதாகக் கண்டறியப்பட்டுக் கேட்டகரி இறக்கப்பட்டது, இணைப்பு 4. மருத்துவக் குழு அமைதிப் பகுதியில் தொடங்கியது என்று கூறுவது 2011-ஐ மட்டும் கணக்கில் கொண்டது. 2009-ஆம் ஆண்டுச் சிகிச்சையை அது குறிப்பிடவே இல்லை.' இந்தப் பத்தியில் ஓர் உரிச்சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியும் இணைப்பு எண்ணும்தான் பேசுகின்றன. கடைசி வாக்கியம் மருத்துவக் குழுவின் காரணத்தையே எடுத்து, அதன் குறையைக் காட்டுகிறது.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் முழு நகலையும் பத்திரப்படுத்துங்கள். பின்னர் தீர்ப்பாயத்தில் முதலில் கேட்கப்படுவது அந்த ரசீதாகவே இருக்கக்கூடும்.

எட்டாம் படி: சென்னையில் உள்ள தீர்ப்பாயம்

மேல்முறையீடு தோற்றாலும், அனுப்பி ஆறு மாதமாகியும் பதில் வராவிட்டாலும், 2007-ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் சென்னை மண்டல அமர்வில் மனுச் செய்யலாம். ஓய்வுபெற்றவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனுச் செய்ய விதி இடம் தருகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வசிப்பவர்களுக்கு அது சென்னைதான். கடைசியாகப் பணியாற்றிய அசாமுக்கோ ராஜஸ்தானுக்கோ போக வேண்டாம். இறுதி ஆணை வந்ததிலிருந்து ஆறு மாதம் கெடு. கடந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு இணைக்க வேண்டும்.

அமர்வில் நீதிபதியாக இருந்த ஓர் உறுப்பினரும் படையில் உயர்பதவி வகித்த ஓர் உறுப்பினரும் இருப்பார்கள். பீரங்கிப் படைப் பிரிவில் என்ன வேலை நடக்கும் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது ஒரு வசதி. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இருந்தாலும் இந்தத் தீர்ப்பாயத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரை வைப்பதையே பரிந்துரைப்பேன். மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்கீழ் இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அதற்கு அணுகலாம். கிடைக்கும் நிலுவையில் இத்தனை சதவீதம் தர வேண்டும் என்று கட்டணம் பேசுகிறவரைத் தவிருங்கள். வழக்கறிஞர்கள் அப்படிப் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. அதே பேரம் பேசும் ஏஜென்டுகளோ எந்த விதிக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர்.

மனுவில் நிவாரணம் கோரும் பத்தியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். நிராகரிப்பு ஆணையை ரத்துச் செய்தல், குறைபாட்டைப் பணி தொடர்பானதாக அறிவித்தல், ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து டிசபிலிட்டி எலிமென்ட் (ஓய்வூதியத்தில் குறைபாட்டுக்கென வரும் பகுதி) வழங்குதல், சதவீதத்தை உயர்த்தி முழுமையாக்குதல், நிலுவை, வட்டி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். சதவீதத்தை முழுமையாக்குதல் என்பதை விட்டுவிட்டால் இழப்பு பெரிது. 50-க்குக் குறைவானது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76-உம் அதற்கு மேலும் 100 ஆகவும் கணக்கிடப்படும்; பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தொகையில் சொன்னால், 100 சதவீதக் குறைபாட்டுக்கு டிசபிலிட்டி எலிமென்ட் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். கணக்கில் கொள்ளப்படும் கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்றால், 20 சதவீதத்துக்கு மாதம் 2,400 ரூபாய். 50 ஆக முழுமையாக்கினால் 6,000 ரூபாய். இதன்மேல் அகவிலை நிவாரணம் தனி. முதுகுக்கு 20, முழங்காலுக்கு 20 என்று இரண்டு குறைபாடுகள் இருந்தால் கூட்டு மதிப்பீடு கூட்டல் கணக்கில் வராது, சற்றுக் குறைவாகவே வரும். எப்படியும் 50-க்குள் இருப்பதால் முடிவு ஒன்றுதான்.

காலம் கடந்து வந்தவர்களுக்கு, மனுச் செய்த தேதிக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவையோடு தீர்ப்பாயங்கள் பல ஆணைகளில் வரம்பு கட்டியிருக்கின்றன. 2008-ஆம் ஆண்டு தார்செம் சிங் தீர்ப்பை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் வழக்கே தள்ளுபடியாகாது, ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கையைவிட்டுப் போகலாம்.

தோற்றால், பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உச்ச நீதிமன்றத்தில் அனுமதி பெற்று மேல்முறையீடு செய்ய முடியும். மற்றபடி, அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுச் செய்யும் வழி திறந்தே இருக்கிறது என்பதை 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இதே வழியை அரசுத் தரப்பும் பயன்படுத்துகிறது என்பதால், வென்ற பிறகும் சிறிது காலம் காத்திருக்க நேரலாம். விண்ணப்பதாரர் இடையில் காலமானால், மனைவியோ மற்ற சட்டப்படியான வாரிசோ வழக்கைத் தொடர்ந்து நடத்தி நிலுவையைப் பெறலாம்.

வென்ற பின்

ஆணையின் சான்றிட்ட நகலை ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கும் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு முதன்மைக் கட்டுப்பாட்டாளருக்கும், கடற்படை, விமானப்படையினர் தத்தம் பென்ஷன் அலுவலகத்துக்கும், முகவுரைக் கடிதத்தோடு அனுப்புங்கள். ஆணையில் கெடு குறிக்கப்பட்டிருக்கும். அது கடந்தும் நடவடிக்கை இல்லை என்றால் அதே அமர்வில் நிறைவேற்றக் கோரி மனுச் செய்யலாம். புதிய பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) ஸ்பர்ஷில் ஏறியதும் நான்கு இடங்களைச் சரிபாருங்கள்: சதவீதம் முழுமையாக்கப்பட்டதாக இருக்கிறதா, தொடக்கத் தேதி ஆணையில் உள்ளதுதானா, 'வாழ்நாள் முழுவதும்' என்று இருக்கிறதா, வட்டி ஆணையிடப்பட்டிருந்தால் நிலுவையில் சேர்ந்திருக்கிறதா. எதிலாவது பிழை இருந்தால், ஆணையின் அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு ஸ்பர்ஷிலேயே குறைதீர்ப்பு விண்ணப்பம் பதியுங்கள். அதன் எண்ணை ஆணையின் நகலிலேயே எழுதிவையுங்கள்.